பக்கவாட்டில் மட்டும் தெரிகிறவன்

பன்னிரண்டு பேர் இருந்த அந்த வகுப்பில் ஒரு டீச்சருக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நான்கு நாள் முழுசாக நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். நான் பேச ஆரம்பித்தால் அவர் கழுத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்ப்பார். திரையில் எதையாவது காட்டினால் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்புவார். நான் ஜோக் அடித்தால் சிரிப்பார், ஆனால் அதையும் ஜன்னலைப் பார்த்தே சிரிப்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க். அதைத் தவிர ஒன்றும் கிடையாது. ஐம்பத்தொரு வயதில் ஒரு பிளாஸ்டிக் டேங்க்கிடம் அழகில் தோற்றுப்போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா மத்திய அரசு ஆபீசில் குமாஸ்தாவாக வந்து கரோல் பாகில் எடுத்த வாடகை வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். முனிர்கா பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் எனக்கு வேலை. பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட், புரொஜெக்டர் எல்லாம் வைத்து வகுப்பு நடத்தச் சொல்லிக்கொடுப்பது. வழக்கமாக வருகிறவர்கள் ஹிந்திக்காரர்கள். அந்த டிசம்பரில்தான் முதல்முறையாகத் தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளிலிருந்து பத்து நாள் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நிலையத்தில் தமிழ் தெரிந்தவன் நான் மட்டும்தான் என்பதால் என்னைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். என் தமிழோ வீட்டுத் தமிழ். பாதியில் அச்சா வரும், அவசரத்தில் ஜல்தி வரும். முதல் நாளே, எல்லோரும் என்று சொல்ல வராமல், "சப் லோக் மொபைல எடுங்கோ" என்றேன். பன்னிரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மன்னிக்கவும், பதினொரு பேர். ஒருவர் டேங்க்கைப் பார்த்தார்.

அந்த டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது. சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியின் தலைமை ஆசிரியர். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். இன்னொரு டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் இவரே கிளம்பி வந்திருந்தார். பயிற்சியின் கடைசி நாளில் ஒவ்வொருவரும் டேப்லெட்டை வைத்து ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அதில் தேறினால் அவர்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி போகும். ஒரு புரொஜெக்டர், ஐந்து டேப்லெட், ஒரு ஸ்பீக்கர். தேறாவிட்டால் பெட்டி கிடையாது. அடுத்த பயிற்சி எப்போது என்று எங்கள் நிலையத்தில் யாரிடம் கேட்டாலும் மேலே கை காட்டுவார்கள். மேலே மின்விசிறிதான் இருக்கும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் புலம்பினேன். ஒரு டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்க்கிறார், என்னமோ வெறுப்பு, மேலே புகார் எழுதப்போகிறார் போலிருக்கிறது என்றேன். அவள் சப்பாத்தி மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"இருபத்தி நாலு வருஷமா நானும் அப்படி ஒரு ஜன்னலத்தான் தேடிட்டிருக்கேன். அவங்களுக்கு ரெண்டே நாள்ல கெடச்சிருக்கு."

மூன்றாம் நாள் இடத்தை மாற்றினேன். ஜன்னல் பக்கமாகப் போய் நின்று பேசினேன். அவர் கழுத்தை மறுபக்கம் திருப்பிக் கதவைப் பார்த்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நான்காம் நாள் எல்லோரும் டேப்லெட்டில் ஆறு பக்கத்துக்கு ஒரு பாடம் தயாரித்து அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். அந்த டீச்சரின் பாடத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் பச்சை எழுத்து, இரண்டாம் பக்கத்தில் ரோஜாப்பூ பார்டர், மூன்றாம் பக்கத்தில் வேறு யாரோ வரைந்த மாதிரி ஒரு மாடு. அந்த மூன்றாம் பக்கத்தில் 'கற்ப்போம்' என்று எழுதி, அந்த 'ப்'-ஐ யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தின் கீழே ஒரு பெரிய சிவப்பு டிக், 'பத்துக்கு எட்டு, எழுத்துப்பிழை தவிர்க்க', சுருக்கொப்பம், தேதி.

என் காது சூடாகிவிட்டது. மதிப்பெண் போடுகிறவன் நான். எனக்கு முன்னாலேயே போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? நீ எதற்கு, நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று அர்த்தம். கேலி. கூட்டுச் சதி. இதை இப்படியே விட்டால் புகார் மேலே போகும், நான் கீழே போவேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, நியாயம் கேட்பதற்காக அவர்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கிளம்பிவிட்டேன். வழியில் மூன்று விதமாகக் கோபப்பட்டுப் பார்த்துக்கொண்டேன். மூன்றிலும் குரல் கீச்சென்றுதான் வந்தது.

விடுதி வராந்தாவில் திருநெல்வேலிப் பக்கத்து சார் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வகுப்பிலேயே உரத்த குரல் அவருடையதுதான். போனை வாய்க்கு நேரே பிடித்து, வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"டீச்சர், இன்னைக்கு நம்ம டெல்லி சாரு நடத்துனதச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. மொதல் அரை மணி நேரம் அவரு சொந்தக் கதை. அத விட்டுருங்க, பரீட்சைக்கு வராது. அடுத்தாப்புல, படத்த வெரலால அமுக்கிப் புடிச்சு இழுத்துட்டுப் போயி எழுத்துக்கிட்ட விடணும். குட்டியக் கொண்டுபோயி தாயாட்டுகிட்ட விடுத மாதிரி. சேந்துட்டுன்னா மணி அடிக்கும்."

நான் மூன்று மணி நேரம் நடத்தியதை அவர் நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்தார். எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பிறகு திரும்பினார். என்னைப் பார்த்ததும், முப்பது வருடமாக மாணவர்களை எப்படிப் பிடித்தாரோ அப்படிப் பிடிபட்டவராக நின்றார். போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. அந்த டீச்சருக்குச் சர்க்கரை வந்து கண்ணின் உள்பக்கம் கெட்டுப்போயிருந்தது. ஓரத்தில் பார்வை உண்டு, நடுவில் கிடையாது. கரும்பலகையில் எழுதுவது கைப்பழக்கம், பிள்ளைகள் குரலிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். ஆனால் டேப்லெட்டில் உள்ள பொடி எழுத்து மட்டும் சுத்தமாகத் தெரியாது. முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தினமும் பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு பகுதியாகப் பேசி அவருக்கு அனுப்பினார்கள். ஆறு பக்கப் பாடத்தையும் அவருக்குத் தெரியாமலேயே ஆளுக்கொரு பக்கம் செய்து அவர் பெயரில் அனுப்பிவிட்டார்கள். திருட்டுத்தனமாகத்தான் செய்தார்கள். ஆனால் பிழையைப் பார்த்ததும் ஒருவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, வட்டம் போட்டுவிட்டார். வட்டத்தைப் பார்த்ததும் இன்னொருவருக்கு மார்க் போடாமல் இருக்க முடியவில்லை. காப்பி அடித்ததைத் திருத்தி, கையெழுத்தும் போட்டு அனுப்புகிறவர்கள் உலகத்திலேயே ஆசிரியர்கள் மட்டும்தான்.

சத்தம் கேட்டு அந்த டீச்சரே அறையிலிருந்து வெளியே வந்தார். என்ன நடந்தது என்று சொன்னதும் அவருக்கு மூக்கு விடைத்தது. திருநெல்வேலி சாரைத்தான் முதலில் பிடித்தார்.

"முப்பத்தோரு வருசமா காப்பி அடிச்ச பிள்ளைக காதத் திருகுனவ நான். என் பேருலயே காப்பி அடிச்சு அனுப்பிருக்கீக. யாரக் கேட்டு அனுப்புனீக?"

அவர் தரையைப் பார்த்தபடி, பெட்டி போய்விடக் கூடாதே என்றுதான் செய்தோம் என்று முணுமுணுத்தார். பிறகு டீச்சர் என் பக்கம் வந்தார். வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"தப்பா நெனச்சுக்கிடாதீங்க சார். கண்ணுக்கு நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு நிக்கிது. நேரா பாத்தா நீங்க இல்ல. சைடுல பாத்தாத்தான் இருக்கீங்க."

நான்கு நாளாக அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பிலேயே அதிகமாகப் பார்த்தவர் அவர்தான். தயாராக வைத்திருந்த மூன்று கோபங்களையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், டீ சாப்பிட்டாச்சா என்று கேட்டேன்.

டீ வந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். மாதிரி வகுப்பை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு மேடம் வருவார், டேப்லெட்டை ஆசிரியர் தன் கையாலேயே இயக்க வேண்டும், மற்ற ஆசிரியர்களோ பயிற்றுநரோ உதவினால் செல்லாது என்பதுதான் விதி. திருநெல்வேலி சாரிடம் அதற்கும் திட்டம் இருந்தது. ஒரு இருமல் என்றால் அடுத்த பக்கம், இரண்டு இருமல் என்றால் முந்தைய பக்கம். தில்லிக் குளிரில் யாருக்கும் சந்தேகம் வராது என்றார். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. கண் இப்படி என்று அந்த மேடத்திடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதன் பிறகு தேறினால் தேறட்டும் என்றார். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கினார்.

"எனக்கு சான்றிதழ் கெடைக்காட்டி பரவால்ல. எங்க பிள்ளைக பதினாலு பேரு, பெட்டி வருதுன்னு பழைய ஸ்டோர் ரூம இப்பவே கூட்டிப் பெருக்கி வச்சிருக்காங்க. அதத்தான் நெனச்சுப் பாக்கேன்."

அன்று மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பும்போது ராஜீவ் சௌக்கிலிருந்து கரோல் பாக் வரை அந்த ஸ்டோர் ரூமைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு பழைய அவமானம் ஞாபகம் வந்தது. மூன்று வருடம் முன்பு என் போன் திடீரென்று தானாகப் பேச ஆரம்பித்தது. எதைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொன்னது. போனில் ஏதோ புகுந்துவிட்டது என்று பயந்து அதை டவலில் சுற்றிக் கடைத்தெருவில் ரிப்பேர்க்காரப் பையனிடம் கொண்டுபோனேன். அவன் சிரித்துக்கொண்டே அணைத்துக் கொடுத்தான். "அங்கிள், ஜின்கோ திக்தா நஹி, யே உன்கே லியே ஹை" என்றான். கண் தெரியாதவர்களுக்கான வசதியாம் அது. டெக்னாலஜி சொல்லிக்கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதைப் பேய் என்று நினைத்தேன், பிறகு மறந்தும் போனேன்.

மறுநாள் காலை அவர் டேப்லெட்டில் அந்த வசதியைத் தமிழில் போட்டுக் கொடுத்தேன். விரலை வலப்பக்கம் தள்ளினால் ஒவ்வொரு பட்டனாகப் பெயர் சொல்லும். வேண்டியது வந்ததும் இருமுறை தட்டினால் போதும். முதல் ஒரு மணி நேரம் அவர் அதனிடம் பதில் பேசிக்கொண்டிருந்தார். அது "அடுத்து, பட்டன்" என்றால் "இரு, வர்றேன்" என்பார். அது சொன்னதையே திரும்பச் சொன்னால், ஒரு தடவை சொன்னால் கேட்காதா என்று அதட்டுவார். சாயங்காலத்துக்குள் அதட்டல் நின்றுபோய் விரல் ஓட ஆரம்பித்தது. நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள் தம்பி என்றார். 'சார்' போய் 'தம்பி' வந்திருந்தது. அந்தக் குஷியில் கண்ணை மூடி என் போனில் செய்துகாட்டினேன். நிலையத்தின் இயக்குநருக்குப் போன் போய்விட்டது. அவரிடம் புத்தாண்டு வாழ்த்து சொல்லிச் சமாளித்தேன். புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மாதிரி வகுப்புக்கு மூன்றாம் வகுப்பு அறிவியலில் 'ஒலி'யை எடுத்துக்கொண்டார். என்ன சத்தம், பக்கமா தூரமா, நகர்கிறதா நிற்கிறதா என்று பிள்ளைகள் காதால் கண்டுபிடிக்க வேண்டும். சத்தங்கள் தில்லியுடையதாகவே இருக்கட்டும், ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றார். ஒரு மதியம் அவரும் நானும் முனிர்காவின் சந்துகளிலும் மெட்ரோ நிலையத்திலும் நடந்தோம். சக்கரவள்ளிக்கிழங்கு வண்டிக்காரர் தட்டில் கரண்டியால் தட்டுவது, புறாக்கள், மாணவர்கள் தங்கியிருக்கும் மாடி அறையிலிருந்து குக்கர் விசில், மெட்ரோ கதவு மூடும் முன் அடிக்கும் மணி, எல்லாம் பதிவாயின. எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்கு அவர்தான் காட்டினார். ஐம்பத்தொரு வருடம் இதே ஊரில் இருக்கிறேன், சந்துக்குள் மாவு மில் ஒன்று ஓடுவதை அன்றுதான் கேட்டேன். ஓரிடத்தில் ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு வந்தது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்து, ஆட்டோக்காரரை "அரே பையா" என்று தொடங்கி நீளமாகத் திட்டினேன். அதுவும் பதிவாகியிருந்தது. அழிக்கச் சொன்னேன். இருக்கட்டும், இது நகரும் சத்தத்துக்கு நல்ல உதாரணம் என்றார்.

பத்தாம் நாள் வந்தது. அன்று நடந்ததற்கு முழுக் காரணம் நான். காலை எட்டு மணிக்கே பதற்றத்தில் வந்து எல்லா டேப்லெட்டையும் சார்ஜில் போட்டேன். அவருடைய டேப்லெட்டில் 'புதுப்பிக்கவா' என்று ஒரு பெட்டி எழும்பியது. பதற்றத்தில் இருக்கிறவன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பான். அழுத்தினேன். அணைந்து எரிந்ததும் எந்த மொழி என்று கேட்டது. தில்லியில் ஐம்பது வருடமாக எந்த மெஷின் கேட்டாலும் என் கட்டைவிரல் ஒரே இடத்துக்குத்தான் போகும். போயிற்று.

மதிப்பிட வந்த மேடம் ஹிந்திக்காரர். ஸ்வெட்டருக்கு மேல் ஷால், கையில் ஃபைல், தமிழ் ஒரு சொல் தெரியாது. வகுப்பு தொடங்கும் முன் டீச்சர் தன் கண்ணைப் பற்றி நேராகச் சொன்னார். நான் ஹிந்தியில் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னது இரண்டு வாக்கியம், நான் சொன்னது ஒரு பாரதம். மேடம் கேட்டுவிட்டு "டீக் ஹை, ஷுரு கீஜியே" என்றார். சரி, தொடங்குங்கள், அவ்வளவுதான். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. இனி நான் வாய் திறக்கக் கூடாது. சுவரோரம் போய் நின்றேன்.

மற்ற பதினொரு பேரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகக் கீழே உட்கார்ந்தார்கள். தருமபுரிப் பக்கத்து இளம் டீச்சர் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் கிள்ளுகிறார் என்று புகார் சொன்னார். திருநெல்வேலி சார் ஒரு விரலைத் தூக்கி வெளியே போகக் கேட்டார். டீச்சர் கிள்ளினவரை இடம் மாற்றி, வெளியே போகக் கேட்டவரை மணி அடித்ததும் போகலாம் என்று உட்கார வைத்தார். டேப்லெட்டைக் கையில் எடுத்து விரலைத் தள்ளினார்.

"அக்லா, பட்டன்" என்றது டேப்லெட்.

காலையில் என் கட்டைவிரல் போய் அழுத்திய மொழி ஹிந்தி. டீச்சர் மறுபடி தள்ளினார். "பிச்லா, பட்டன்." அவருக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது. அறையில் ஹிந்தி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் வாய் திறந்தால் அவர் தோற்றுவிடுவார். மற்றவர் கையில் ஃபைல் இருந்தது. டீச்சரின் கழுத்து என் பக்கமாக லேசாகத் திரும்பியது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். பிறகு அவர் டேப்லெட்டை உயர்த்திப் பிடித்தார்.

"பிள்ளைகளா, இன்னைக்கு மொதல் ஒலி இதுதான். நல்லாக் கேளுங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்குத் தெரியும்?"

டேப்லெட் மறுபடி "அக்லா" என்றது.

"அகல் வெளக்கு டீச்சர்" என்றார் திருநெல்வேலி சார்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. உங்கள் வீட்டு விளக்கு பேசுமா என்று கேட்டு அவரை எழுப்பி நிற்க வைத்தார். வேறு யாருக்குத் தெரியும் என்று வகுப்பு முழுக்க விரலைச் சுற்றிக் காட்டி, அப்படியே பின்வரிசையில் நாற்காலியில் இருந்த மேடத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினார். "நீ சொல்லும்மா" என்றார். மொழி புரியாவிட்டாலும் டீச்சர் ஒருவர் விரலை நீட்டினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேடம் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"நெக்ஸ்ட்" என்றார்.

"கெட்டிக்காரி. உக்காரு."

அதன் பிறகு வகுப்பு ஓடியது. 'பிச்லா', 'சலாயே' என்று வந்தபோதும் விரல் பின்வரிசைக்குப் போயிற்று, 'பேக்', 'ப்ளே' என்று பதில் வந்தது. டீச்சர் இருமுறை தட்டினார், குக்கர் விசில் அடித்தது. பக்கமா, தூரமா? மாடியிலா, தரையிலா? மூன்றாவது சத்தத்துக்குள் ஹிந்திச் சொற்கள் மூன்றும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டன, பின்வரிசையைக் கேட்பதையே விட்டுவிட்டார். மேடம்தான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்காமலேயே கை தூக்க ஆரம்பித்தார். கடைசியாக "அரே பையா" ஒலித்தது. இது என்ன சத்தம் என்று டீச்சர் கேட்டார். பயந்த மனுசன் சத்தம், பக்கத்தில், நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றார் தருமபுரி டீச்சர். நூற்றுக்கு நூறு சரி.

மேடம் வெகுநேரம் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். 'ஆசிரியர் வெளி உதவியின்றிச் சாதனத்தை இயக்கினாரா' என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. உதவியவர் அவரே. பிறகு எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'சொந்தக் கையால் இயக்கினார். தெரியாத சொல்லை ஒரு மாணவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்' என்று ஹிந்தியில் இருந்தது. அதற்குக் கீழே என் பெயருக்கு நேரே, பயிற்றுநருக்குப் பயிற்சி தேவை என்று தனியாக ஒரு வரி.

பன்னிரண்டு பேரும் தேறினார்கள். என்னைப் பேசும் டேப்லெட் பற்றிய ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், போய் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தேன். சிவகங்கைப் பள்ளிக்கான பெட்டி பிப்ரவரியில் லாரியில் போய்ச் சேர்ந்தது. ஐந்து டேப்லெட்டும் ஹிந்தியில்தான் இருந்தன. ஐந்தையும் டீச்சரே தமிழுக்கு மாற்றிக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை.